மாற்று ஆட்டக்காரருக்கு என்ன விலை?

சரக்குக்கு விலை வைப்பது வணிகர்களாகிய நமக்குப் புதிய பாடம் அல்ல. கொள்முதல் விலை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வாடகை, வட்டி, சேதாரம் எல்லாவற்றையும் கூட்டி, அதன்மேல் நியாயமான லாபம் வைத்தால் விலை வந்துவிடும். ஆனால் அன்றாடம் விற்காமல், 'அவசரத்துக்கு இருக்கட்டும்' என்று உள்ளே வைத்திருக்கும் சரக்குக்கு விலை சொல்வது சுலபமல்ல. இன்று கேட்டு வருபவரிடம் கொடுத்துவிட்டால் ரொக்கம் கைக்கு வரும். நாளை அது நமக்கே தேவைப்பட்டால் எந்த விலை கொடுத்தும் கிடைக்காமல் போகலாம். கொடுக்காமல் வைத்திருந்தாலோ முதல் முடங்கும். நாள் போகப் போகச் சரக்கின் மதிப்பும் இறங்கும்.

இந்தக் கேள்வியை ஆண்டுதோறும் கோடிக்கணக்கான டாலரை வைத்துச் சோதித்துப் பார்க்கும் சந்தை ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. அது மளிகைச் சந்தை அல்ல. அந்த நாட்டின் தொழில்முறைக் கால்பந்து. அங்கே 'குவார்ட்டர்பேக்' என்னும் முக்கிய ஆட்டக்காரருக்கு மாற்றாக உட்கார்ந்திருப்பவரை ஓர் அணி இன்னோர் அணிக்குக் கொடுக்கும்போது என்ன விலை கேட்க வேண்டும் என்பது பல ஆண்டுகளாகத் தீராத வாதம். இதில் நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் பெரும்பாலும் தவறான தராசில் நிறுக்கிறார்கள். ஓரிரு ஆட்டங்களில் அவர் எப்படி மின்னினார் என்பதை நிறுக்கிறார்கள். அவர் இல்லாமல் போனால் எவ்வளவு நஷ்டம் என்பதை நிறுக்க மறந்துவிடுகிறார்கள்.

ஆட்டமும் சந்தையும்

அமெரிக்கக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. ஒரு பக்கத்துக்கு 11 பேர். ஒவ்வொரு முறை ஆட்டம் தொடங்கும்போதும் பந்து முதலில் வந்து சேர்வது குவார்ட்டர்பேக்கின் கைக்கு. எறிவதா, ஓடுகிறவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்பதைச் சில விநாடிகளில் முடிவு செய்கிறவர் அவர். கல்லாவில் உட்கார்ந்து கடையை நடத்துகிறவர் போல. அவர் சரியில்லை என்றால் மற்ற 10 பேர் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் கடை ஓடாது.

என்.எஃப்.எல். என்னும் தேசியக் கால்பந்து லீக்கில் 32 அணிகள் இருக்கின்றன. ஒவ்வோர் அணியிலும் 53 பேர். 2021 முதல் ஒரு பருவத்துக்கு ஓர் அணிக்கு 17 ஆட்டங்கள். சம்பளமாகச் செலவிடும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு; 2025-ல் அது ஓர் அணிக்கு 27.92 கோடி டாலர். பணக்கார முதலாளி என்பதற்காக அதற்கு மேல் அள்ளி வீச முடியாது. டாலஸ் அணி தன் குவார்ட்டர்பேக்குக்கு 2024-ல் எழுதிய ஒப்பந்தம் ஆண்டுக்கு 6 கோடி டாலர் என்ற கணக்கில் அமைந்தது. ஒருவருக்கே இவ்வளவு போனால் அவருடைய மாற்றாளுக்கு எவ்வளவு ஒதுக்க முடியும்? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

இந்தச் சந்தையில் ஆளைப் பணத்துக்கு விற்பது வழக்கமல்ல. பண்டமாற்றுதான். ஒவ்வோர் ஆண்டும் கல்லூரியிலிருந்து வரும் இளம் ஆட்டக்காரர்களை அணிகள் 7 சுற்றுகளாக வரிசைப்படி தேர்ந்தெடுக்கின்றன. முந்தைய ஆண்டு கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு. 'இந்தச் சுற்றில் எனக்குரிய தேர்வு உரிமையைத் தருகிறேன், உன் ஆளைக் கொடு' என்பதுதான் பேரம். ஆகவே அங்கே தேர்வு உரிமைதான் நாணயம்.

விலைப் பட்டியல் ஒன்று

அந்த நாணயத்துக்கு மதிப்புப் பட்டியலும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் டாலஸ் அணியில் ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்தபோது உருவானது அது. முதல் தேர்வு உரிமைக்கு 3000 புள்ளி. 16-வது உரிமைக்கு 1000. இரண்டாம் சுற்றின் முதல் உரிமையான 33-வதற்கு 580. அந்தச் சுற்று முடியும் 64-வதற்கு 270. அடுத்த ஆண்டு உரிமையைக் கொடுத்தால் அதை ஒரு சுற்று குறைத்துக் கணக்கிடுவது பழைய வழக்கம். ரொக்க விலைக்கும் கடன் விலைக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும் அல்லவா? அதே கணக்குதான்.

இந்தப் பட்டியல் முதல் சில உரிமைகளுக்கு அளவுக்கு மேல் மதிப்புத் தருகிறது என்று பொருளாதார அறிஞர்களான கேட் மாசி, ரிச்சர்ட் தேலர் இருவரும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பிற்காலத்தில் வேறு பல பட்டியல்களும் வந்துவிட்டன. ஆனாலும் ஒரு பொதுவான படிக்கல்லாக இந்தப் பழைய பட்டியல் நமக்கு உதவும். நடந்த பேரங்களை அதில் வைத்து நிறுத்துப் பார்ப்போம்.

மாதிரியைப் பார்த்து மூட்டை வாங்குவது

மூட்டையில் குத்தூசி போட்டு ஒரு கைப்பிடி மாதிரி எடுத்துப் பார்த்து வாங்குவது நம் வழக்கம். அந்தக் கைப்பிடி மூட்டையின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கேட்காதவர் ஏமாறுவார். மாற்று குவார்ட்டர்பேக்கை வாங்குகிறவர்கள் திரும்பத் திரும்பச் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

1998-ல் பஃபலோ அணி ஜாக்சன்வில் அணியிலிருந்து ராப் ஜான்சன் என்பவரை வாங்கியது. அவர் அதுவரை தொடக்கத்திலிருந்து ஆடியது ஒரே ஓர் ஆட்டம். அதில் நன்றாக ஆடினார் என்பதற்காகப் பஃபலோ கொடுத்தது முதல் சுற்றின் 9-வது உரிமையும் நான்காம் சுற்று உரிமை ஒன்றும். பட்டியலில் 9-வது உரிமை மட்டுமே 1350 புள்ளி. பஃபலோவில் அவர் நிலைக்கவில்லை. ஜாக்சன்வில்லோ அந்த 9-வது உரிமையில் ஃப்ரெட் டெய்லரை எடுத்தது. அவர் பல ஆண்டுகள் அந்த அணியின் தூணாக நின்று ஓடினார். ஒரு கைப்பிடிக்கு ஒரு வண்டிச் சரக்கின் விலை கொடுத்த கதை இது.

2008-ல் நடந்ததைப் பாருங்கள். நியூ இங்கிலாந்து அணியின் டாம் பிரேடி முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டுப் பருவம் முழுவதும் ஆட முடியாமல் போனது. மாற்றாளாக இறங்கிய மேட் கேசல் 2005-ல் 230-வதாக எடுக்கப்பட்டவர். உயர்நிலைப் பள்ளிக்குப் பிறகு ஓர் ஆட்டத்தில்கூடத் தொடக்கக் குவார்ட்டர்பேக்காக இறங்காதவர். அவரை வைத்து அந்த அணி 11 வெற்றி, 5 தோல்வி என்று முடித்தது. ஊரெல்லாம் புகழ்ந்தது. ஆனால் அதே அணி முந்தைய ஆண்டு பிரேடியை வைத்து 16 ஆட்டங்களிலும் வென்றிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த 11 வெற்றியில் கேசலுடைய பங்கு எவ்வளவு, சுற்றி நின்ற நல்ல அணியின் பங்கு எவ்வளவு? நல்ல கடைத்தெருவில் யார் கடை வைத்தாலும் ஓரளவு வியாபாரம் நடக்கும்.

2009-ல் கேசலும், மைக் விரேபல் என்ற மூத்த தடுப்பாட்டக்காரரும் சேர்ந்து கன்சாஸ் சிட்டிக்குப் போனார்கள். விலை, இரண்டாம் சுற்றின் 34-வது உரிமை. 560 புள்ளி. இருவருக்கும் சேர்த்து இது குறைவு என்று அப்போது பலர் சொன்னார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. கேசலை வேறு அணி தட்டிக்கொண்டு போகாமல் இருக்க நியூ இங்கிலாந்து அவருக்கு ஓராண்டுக்கு 1 கோடியே 46 லட்சம் டாலருக்கு மேல் சம்பளத்தை உறுதி செய்திருந்தது. பிரேடியின் சம்பளமும் சேர்ந்தால் உச்சவரம்பில் பெரும் பகுதி இரண்டு பேருக்கே போய்விடும். இது வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். கிடங்கு வாடகை ஏறிக்கொண்டிருக்கிறது என்று எதிராளிக்குத் தெரிந்த பின் யார் நல்ல விலை கேட்பார்கள்? கேசல் 2010-ல் கன்சாஸ் சிட்டியை 10 வெற்றிக்குக் கொண்டு போனார், 2013-ல் விடுவிக்கப்பட்டார். கொடுத்த விலைக்கு ஏற்ற பண்டம் கிடைத்தது என்றே சொல்ல வேண்டும்.

மாதிரியைச் சரியாகப் பார்த்தவர்களும் உண்டு. அட்லாண்டா அணியில் 1991-ல் பிரெட் ஃபார்வ் என்ற இளைஞர் மாற்றாளாக இருந்தார். அந்த ஆண்டு அவர் எறிந்தது நான்கே பந்து. ஒன்றுகூடத் தன் ஆளிடம் போய்ச் சேரவில்லை. இரண்டை எதிரணி பிடித்துக்கொண்டது. 1992-ல் கிரீன் பே அணியின் ரான் வுல்ஃப் அவருக்காக முதல் சுற்று உரிமை ஒன்றைக் கொடுத்தார். பார்த்தவர்கள் வியந்தார்கள். ஆனால் வுல்ஃப் அந்த நான்கு பந்துகளைப் பார்த்து வாங்கவில்லை. முந்தைய ஆண்டு வேறோர் அணியில் பணியாற்றியபோதே கல்லூரியில் அவர் ஆடியதை ஆராய்ந்து, எடுக்க வேண்டும் என்று விரும்பியவர். ஃபார்வ் 1995, 1996, 1997 ஆகிய மூன்று பருவங்களிலும் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் பட்டத்தைப் பெற்றார்.

2001-ல் சியாட்டில் அணியின் மைக் ஹோம்கிரன், கிரீன் பேயில் தாமே பயிற்சி கொடுத்திருந்த மேட் ஹாசல்பெக்கை வாங்கியதும் இதே வகை. தமது 10-வது உரிமையைக் கொடுத்து 17-வதை வாங்கிக்கொண்டார். கூடவே ஒரு மூன்றாம் சுற்று உரிமையும் கொடுத்தார். பட்டியலில் எல்லாம் சேர்த்து 580 புள்ளி அளவு வரும். ஹாசல்பெக் சியாட்டிலை 2005 பருவத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் வரை கொண்டு போனார். விளைந்த தோட்டத்தை நேரில் பார்த்தவர் குத்தூசியை நம்பி வாங்குவதில்லை.

அவசரக்காரரின் விலை

விலை ஏறுவதற்கு இன்னொரு காரணம் வாங்குகிறவரின் அவசரம். 2016 ஆகஸ்ட் 30 அன்று மின்னசோட்டா அணியின் குவார்ட்டர்பேக் டெடி பிரிட்ஜ்வாட்டர் பயிற்சியின்போது முழங்காலில் பலத்த காயம் அடைந்தார். பருவம் தொடங்க இரண்டு வாரம்கூட இல்லை. பிலடெல்பியாவிடம் சாம் பிராட்ஃபோர்ட் இருந்தார். அவருக்குப் பின்னால் கார்சன் வென்ஸ் என்ற புதியவரும் தயாராகிக்கொண்டிருந்தார். செப்டம்பர் 3 அன்று மின்னசோட்டா பிராட்ஃபோர்டுக்காக முதல் சுற்று உரிமை ஒன்றையும் நிபந்தனையோடு கூடிய நான்காம் சுற்று உரிமையையும் கொடுத்தது.

சாதாரண நாளில் அவருக்கு அந்த விலை வந்திருக்குமா? வந்திருக்காது என்பதே நம் மதிப்பு. பண்டிகைக்கு முந்தின நாள் மாலையில் சரக்கு தீர்ந்த கடைக்காரர் பக்கத்துக் கடையில் போய் நிற்கும்போது மொத்த விலையில் பேசமுடியாது. மின்னசோட்டா முதல் 5 ஆட்டங்களில் வென்றது. கடைசியில் 8 வெற்றி, 8 தோல்வி என்று முடிந்தது. அதனால் பிலடெல்பியாவுக்குப் போன உரிமை 14-வதாக அமைந்தது. அதில் எடுக்கப்பட்ட டெரெக் பார்னெட், 2018 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலின் கடைசி நிமிடங்களில் பிரேடியின் கையிலிருந்து தட்டிவிடப்பட்ட பந்தைக் கைப்பற்றியவர். அந்த ஆட்டத்தில் பிலடெல்பியா 41-33 என்று வென்றது.

இதே அவசரம் சிறிய விலையிலும் தீரும். 2023-ல் மின்னசோட்டாவின் கிர்க் கசின்ஸ் காயமடைந்தபோது, அக்டோபர் 31 அன்று அரிசோனாவிலிருந்து ஜாஷ் டாப்ஸை வாங்கினார்கள். டாப்ஸையும் ஒரு ஏழாம் சுற்று உரிமையையும் கொடுத்த அரிசோனாவுக்குக் கிடைத்தது ஆறாம் சுற்று உரிமை. ஐந்தே நாள் கழித்து, நவம்பர் 5 அன்று, ஆட்டத்தின் நடுவில் இறங்கிய டாப்ஸ் அட்லாண்டாவை 31-28 என்று வென்று காட்டினார். 2025 அக்டோபரில் சின்சினாட்டி அணி, ஜோ பரோ காயப்பட்டதும், 40 வயதான ஜோ ஃப்ளாக்கோவை வாங்கியது. ஐந்தாம் சுற்று உரிமையைக் கொடுத்து ஃப்ளாக்கோவையும் ஓர் ஆறாம் சுற்று உரிமையையும் பெற்றுக்கொண்டது. அனுபவமுள்ள, ஆனால் எதிர்காலம் அதிகமில்லாத மாற்றாளின் நடப்பு விலை இதுதான்.

விற்பவரின் கணக்கு

வாங்குகிறவரைப் பற்றி இவ்வளவு சொன்னோம். விற்கிறவருக்கும் ஒரு தனிக் கணக்கு உண்டு. அதைப் போடாமல் விற்றால் என்ன ஆகும் என்பதற்கு அட்லாண்டாவே சாட்சி.

2007 மார்ச்சில் அட்லாண்டா தன் மாற்றாள் மேட் ஷாபை ஹூஸ்டனுக்குக் கொடுத்தது. பதிலுக்கு இரண்டு ஆண்டுகளின் இரண்டாம் சுற்று உரிமைகள் கிடைத்தன. முதல் சுற்றில் 10-வது இடத்திலிருந்து 8-வது இடத்துக்கு ஏற்றமும் கிடைத்தது. அதுவரை ஓரிரு ஆட்டங்களே தொடக்கத்திலிருந்து ஆடியவருக்கு இது நல்ல விலை. சிட்டையில் பார்த்தால் லாபமான விற்பனை. ஆனால் அட்லாண்டாவின் முதன்மைக் குவார்ட்டர்பேக் மைக்கேல் விக் மீது அந்த ஜூலை மாதமே நாய்ச் சண்டை வழக்கில் குற்றச்சாட்டு பதிவானது. அவர் அந்தப் பருவத்தில் ஆடவே இல்லை, சிறைக்குப் போனார். அட்லாண்டா 4 வெற்றி, 12 தோல்வி. ஷாபோ 2009-ல் 4,770 கெஜம் எறிந்து லீக்கிலேயே முதலிடம் பெற்றார். விற்ற விலை நல்ல விலைதான். ஆனால் கடையில் அடுத்த நாள் விற்கச் சரக்கு இல்லை.

நல்ல மாற்றாள் இல்லாமல் தவித்த அணிகளின் பட்டியல் நீளமானது. பீட்டன் மானிங் இருந்த இண்டியானாபோலிஸ் 2010-ல் 10 ஆட்டங்களில் வென்றது. கழுத்துச் சிகிச்சையால் அவர் ஆடாத 2011-ல் வென்றது இரண்டே ஆட்டம். 2023 செப்டம்பரில் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு வந்து சேர்ந்த ஆரன் ராட்ஜர்ஸ் நான்காவது பந்திலேயே குதிகால் தசைநார் அறுந்து வெளியேறினார். அந்த அணி 7 வெற்றியோடு நின்றது. 2023 ஜனவரியில் அரையிறுதி போன்ற முக்கிய ஆட்டத்தில் சான் பிரான்சிஸ்கோவின் குவார்ட்டர்பேக்கும் மாற்றாளும் ஒருவர் பின் ஒருவராக அடிபட்டு, பந்தை எறிய ஆளில்லாமல் 31-7 என்று தோற்றார்கள். அதன் பிறகுதான் மூன்றாவது குவார்ட்டர்பேக்கை அவசரத்துக்கு வைத்துக்கொள்ள லீக் மீண்டும் விதி செய்தது. நெருப்புப் பிடித்த பிறகு காப்பீட்டுப் பத்திரம் எடுப்பது எங்கும் நடப்பதுதான்.

எதிர்ப்பக்கத்தில் பிலடெல்பியா. 2017 டிசம்பரில் வென்ஸின் முழங்கால் தசைநார் கிழிந்தது. மாற்றாள் நிக் ஃபோல்ஸ் இறங்கி, சூப்பர் பௌலை வென்று, அந்த ஆட்டத்தின் சிறந்த வீரராகவும் தேர்வானார். அடுத்த வசந்தத்தில் அவருக்கு விலை உச்சத்தில் இருந்தது. வென்ஸ் இன்னும் முழுமையாகத் தேறாததால் பிலடெல்பியா விற்கவில்லை; ஓராண்டு வைத்திருந்து, 2019-ல் எதுவும் வாங்காமல் போகவிட்டது. 'உச்ச விலையில் விற்காமல் கோட்டைவிட்டார்கள்' என்று பேசியவர்கள் உண்டு. 2018-லும் வென்ஸ் கடைசி ஆட்டங்களுக்கு இல்லாமல் போக, ஃபோல்ஸ்தான் அணியை இறுதிச் சுற்றுகளுக்குக் கொண்டுபோனார் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். அவரை ஒப்பந்தம் செய்த ஜாக்சன்வில் எழுதிக் கொடுத்தது நான்கு ஆண்டுக்கு 8.8 கோடி டாலர். முதல் ஆட்டத்திலேயே அவருடைய தோள்பட்டை எலும்பு முறிந்தது. அடுத்த மார்ச்சில் ஒரு நான்காம் சுற்று உரிமைக்கு அவரைச் சிகாகோவுக்குத் தள்ளிவிட்டார்கள்.

கெடு தேதி நெருங்கும் சரக்கு

மாற்றாளின் மதிப்பில் பெரும் பகுதி அவருடைய ஒப்பந்தத்தில் இருக்கிறது. புதிதாக எடுக்கப்பட்டவருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம், சம்பளம் குறைவு. அதில் எத்தனை ஆண்டு பாக்கி என்பதுதான் வாங்குகிறவரின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்தால் ஆள் தன் விருப்பப்படி போகலாம்.

ஜிம்மி கரோப்போலோவின் பேரத்தை இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். நியூ இங்கிலாந்து 2014-ல் 62-வது உரிமையில் அவரை எடுத்தது. 284 புள்ளிக் கொள்முதல். 2016-ல் பிரேடிக்கு 4 ஆட்டத் தடை வந்தபோது இரண்டு ஆட்டங்களில் தொடக்கத்தில் இறங்கி இரண்டிலும் வென்றார். 2017 அக்டோபர் கடைசியில், ஒப்பந்தம் முடிய அரைப் பருவமே பாக்கியிருந்த நிலையில், சான் பிரான்சிஸ்கோவின் இரண்டாம் சுற்று உரிமைக்கு அவர் கைமாறினார். அப்போது சான் பிரான்சிஸ்கோ ஆடிய 8 ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. அப்படியே கடைசியில் நின்றால் அந்த உரிமை 33, 34-வதாக வரும். ஆனால் கரோப்போலோ போய் இறங்கி 5 ஆட்டங்களையும் வென்றார். உரிமை 43-வதாக இறங்கியது. 470 புள்ளி. தான் கொடுத்த சரக்கு நன்றாக இருந்ததால் தனக்கு வரவேண்டிய தொகை குறைந்த விசித்திரம் இது!

மலிவாகக் கொடுத்துவிட்டார்கள் என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. வாங்கியவர் பெற்றது அரைப் பருவத்தையும், புதிய ஒப்பந்தம் பேசும் வாய்ப்பையும்தான். அந்த ஒப்பந்தத்துக்குச் சான் பிரான்சிஸ்கோ தனியாக 13.75 கோடி டாலர் எழுத வேண்டியிருந்தது. விற்றவரோ 40 வயதான பிரேடிக்கு மூன்றரை ஆண்டு காலம் காப்பு வைத்திருந்து, அதன் பயனையும் அனுபவித்து, கொள்முதல் விலைக்கு மேலும் பெற்றார். வைத்திருந்த காலத்தின் நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு. அதைச் சேர்க்காமல் லாப நஷ்டம் பேசுவது சரியான கணக்கல்ல.

காலம் தவறினால் விலை எப்படிச் சரியும் என்பதற்குச் சான் பிரான்சிஸ்கோவே இன்னொரு சாட்சி. 2021-ல் மூன்றாவது உரிமைக்கு ஏற மூன்று முதல் சுற்று உரிமைகளையும் ஒரு மூன்றாம் சுற்று உரிமையையும் கொடுத்து ட்ரே லான்ஸை எடுத்தார்கள். 2022-ல் தேர்வின் கடைசி ஆளாக, 262-வதாக வந்த ப்ராக் பர்டி அவரை முந்திவிட்டார். 2023 ஆகஸ்டில் லான்ஸ் டாலஸுக்குப் போனது ஒரு நான்காம் சுற்று உரிமைக்கு. 'இவ்வளவு கொடுத்து வாங்கினோமே' என்று கொள்முதல் விலையைக் கட்டிக்கொண்டு அழாமல் கிடைத்த விலைக்குக் கொடுத்ததை நாம் பாராட்டுகிறோம். சந்தை நம் கொள்முதல் சிட்டையைக் கேட்பதில்லை.

இதற்கும் கீழே ஒரு படி உண்டு. ஹூஸ்டன் 2016-ல் ப்ராக் ஆஸ்வைலருக்கு நான்கு ஆண்டுக்கு 7.2 கோடி டாலர் ஒப்பந்தம் எழுதியது. ஓராண்டில் வெறுத்துப்போய், 2017 மார்ச்சில் அவரை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கிளீவ்லண்டுக்கு இரண்டாம் சுற்று உரிமை ஒன்றையும் கொடுத்தது. கிளீவ்லண்ட் அவரை ஆட விடாமலேயே விடுவித்து, உறுதியான சம்பளமான 1.6 கோடி டாலரைச் சுமந்தது. ஆனால் வந்த உரிமையில் 2018-ல் நிக் சப் என்ற அருமையான ஓட்டக்காரரைப் பெற்றது. வாங்க ஆளில்லாத சரக்கை அகற்றக் கூலி கொடுப்பதும் வியாபாரத்தில் ஒரு செலவுதான். அந்தக் கூலியே பிறருக்கு லாபமாகிறது.

ஆள் மூட்டையல்ல

சரக்கு, மூட்டை, கிடங்கு என்று பேசிக்கொண்டே வந்தோம். ஒன்றை மறக்கக்கூடாது. கைமாறுகிறவர் மனிதர். பேரம் முடிந்த இரண்டாம் நாள் குடும்பத்தை விட்டு வேறு மாநிலத்தில் போய் நிற்க வேண்டும். புதிய அணியின் சங்கேதச் சொற்களைப் பாடம் செய்ய வேண்டும். 2023-ல் டாப்ஸ் ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள் மூன்று அணிகளில் இருந்தார். பல மாற்றாட்களின் ஒப்பந்தத்தில் முழுச் சம்பளமும் உறுதியல்ல. இது வெறும் இரக்கப் பேச்சல்ல. விலையிலும் சேரும் விஷயம். புதிய ஊரில் யார் சொல்லிக் கொடுப்பார், எந்த வகை ஆட்டம் ஆடச் சொல்வார் என்பதைப் பொறுத்து அதே ஆள் தங்கமாகவும் தகரமாகவும் ஆகிறார். ஹாசல்பெக் தன் பழைய ஆசானிடம் போய்ச் சேர்ந்ததால் மலர்ந்தார். மூட்டையை எந்தக் கிடங்கில் வைத்தாலும் எடை மாறாது, மனிதர் மாறுவார்.

நம் முடிவு

இத்தனை பேரங்களையும் நிறுத்துப் பார்த்தபின் நாம் சொல்வது இது. இளவயது, ஒப்பந்தத்தில் ஆண்டுகள் பாக்கி, வாங்குகிறவரே நேரில் அறிந்த திறமை மூன்றும் இருந்தால் மாற்று குவார்ட்டர்பேக்குக்கு இரண்டாம் சுற்று உரிமை நியாய விலை. ஓரிரு நல்ல ஆட்டங்களை மட்டும் காட்டி முதல் சுற்று கேட்டால் வாங்குகிறவர் எழுந்து போய்விட வேண்டும். வயதான, அனுபவமுள்ள மாற்றாளுக்கு ஐந்து, ஆறாம் சுற்று போதும்.

விற்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 'எவ்வளவு கிடைக்கும்' என்பதற்கு முன் 'நாளைக் காலை என் முதல் ஆள் வராவிட்டால் கடையை யார் திறப்பது' என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் இருந்தால் கேட்கிறவரின் அவசரம் பார்த்து நல்ல விலைக்குக் கொடுக்கலாம். பிலடெல்பியா பிராட்ஃபோர்டைக் கொடுத்ததுபோல. பதில் இல்லை என்றால், அட்லாண்டாவுக்குக் கிடைத்த விலையே கிடைத்தாலும் கொடுக்கக்கூடாது.

நம் கடைகளிலும் இப்படிச் சும்மா இருப்பதாகத் தோன்றும் கையிருப்புகள் உண்டு. இரண்டாவது தராசு, எப்போதோ ஒருமுறை சரக்கு வாங்கும் இரண்டாவது மொத்த வியாபாரி, கல்லாவில் உட்காரத் தெரிந்த இரண்டாவது ஆள். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது இவற்றை வெறும் செலவாக எழுதிக் கழித்துவிடாமல், இவை இல்லாத ஒரு நாளில் எவ்வளவு வியாபாரம் போகும் என்பதையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அதன் பிறகு வைத்துக்கொள்வதா, கைமாற்றுவதா என்று தீர்மானிக்கலாம்.